உள்ளங்கை அளவுத் துணியில் எம்ப்ராய்டரி

? பிளவுஸ் தைத்தது போக மிஞ்சும் துண்டுகள் 3 அங்குலம்தான் இருக்கின்றன. வட்ட ஃபிரேமில் நிற்பதில்லை. கையில் பிடித்துப் போட்டால் கோணலாகிறது. என்ன செய்யலாம்?
வாசகி, தேனி

துண்டை மாட்ட வேண்டாம், அதைத் தாங்கும் துணியை மாட்டுங்கள். பழைய பருத்தி வேட்டி போதும். 5 அங்குல ஃபிரேமுக்கு 8 அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். புதுத் துண்டை முதலில் நனைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். வேட்டி ஏற்கெனவே சுருங்கியது. துண்டு பிறகு தனியாகச் சுருங்கினால் வேலை முழுவதும் இழுத்துக்கொள்ளும். இரண்டின் நெடுக்கு இழையும் ஒரே திசையில் இருக்கட்டும்.

மேஜைமேல் தட்டையாக வைத்து, துண்டின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே சுற்றிலும் நூல் ஓட்டுங்கள். ஃபிரேமில் மாட்டுவது அதற்குப் பிறகுதான். பலர் வேட்டியை இறுக்கமாக மாட்டிவிட்டுத் துண்டை மேலே வைத்துத் தைக்கிறார்கள். கழற்றியதும் வேட்டி பழைய அளவுக்குத் திரும்பும், துண்டு உப்பிக்கொண்டு நிற்கும். வேலை முடிந்ததும் ஓட்டிய நூலை உருவிவிட்டு, பின்புறம் வேட்டித் துணியைத் தையலை ஒட்டி அரை செ.மீ. விட்டு வெட்டலாம். வாயில் (voile) துணி போல மெல்லிய துண்டானால் வெட்டாமல் விடுவதே நல்லது, பின்னால் ஓடும் நூல் முன்னால் தெரியாது.

? சாட்டின் தையலில் (இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்துப் போட்டு நிரப்பும் தையல்) இலை போட்டால் துணி சுருங்குகிறது. ஓரமும் பல்லுப்பல்லாகத் தெரிகிறது.
வாசகி, நாகர்கோவில்

இலையின் முழு அகலத்துக்கும் ஒரே தையலாக இழுக்கிறீர்கள் போலும். நடு நரம்பில் பிரித்து, பாதி பாதியாகப் போடுங்கள். ஒரு தையல் 1 செ.மீ.க்கு மேல் நீளக் கூடாது. 6 பிரி நூலில் 2 பிரி போதும், 9-ஆம் எண் ஊசி. பிரிகளை ஒவ்வொன்றாக உருவி, பிறகு சேர்த்துக் கோத்தால் முறுக்கில்லாமல் படியும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், ஊசிக் காதில் உரசி உரசிப் பிசிர் விடும். பென்சில் கோட்டின்மேல் முதலில் நெருக்கமாகக் காம்புத் தையல் (கயிறுபோல் ஒன்றையொன்று ஒட்டிச் செல்லும் கோட்டுத் தையல்) போட்டு, அதையும் மூடி சாட்டின் போடுங்கள், ஓரம் சீராக வரும். நூல் துணியில் படிந்ததும் கையை நிறுத்திவிடுங்கள். அதற்குமேல் இழுக்கும் இழுப்புதான் சுருக்கம்.

? மெரூன் நூல் சாயம் விட்டு வெள்ளைத் துணி பாழானது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா?
வாசகி, சேலம்

உப்பை நம்பாதீர்கள். தைக்கும் முன்பே ஒரு சாண் நூலை நனைத்து, வெள்ளைத் துணிக்குள் மடித்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். கறை பட்டால் அந்த நூலைத் தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவைத்த பிறகே எடுங்கள். தைத்த பின் சாயம் இறங்கினால் காயவிடாமல் உடனே பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். காய்ந்து, இஸ்திரியும் பட்டுவிட்டால் பெரும்பாலும் போகாது.

? கிடைக்கும் பத்து நிமிடத்தில் தைப்பவள். ஃபிரேமோடு அப்படியே பையில் வைக்கலாமா?
வாசகி, தூத்துக்குடி

கூடாது. வளையத் தடம் அழுக்கோடு பதிந்துவிடும். ஊசியையும் பூவில் குத்தி வைக்காதீர்கள், கடற்காற்றில் துருப்பிடித்துக் கறை விழும். வெட்டி எறியப்போகும் வேட்டி ஓரத்தில் குத்துங்கள்.