ஆங்கிலத்தில் 'புல்' என்றால் எருதா, காளையா?

அகராதியில் காளை, எருது இரண்டுமே போட்டிருக்கிறது, எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். காயடிக்காத ஆண் மாடுதான் புல் (இனி இந்தப் பதிலில் புல் என்பது ஆங்கிலச் சொல், மேய்கிற புல் அல்ல). காயடித்து வண்டியிலோ ஏரிலோ பூட்டினால் அது ஆக்ஸ், பன்மையில் ஆக்ஸன். நம் நாட்டு ஆங்கிலத்தில் புல்லக் என்பார்கள்.

எனக்கு இது உறைத்தது சிவகங்கை மாவட்டத்துச் சிராவயல் பொட்டலில். தை மூன்றாம் நாள் மஞ்சுவிரட்டு, பொட்டலிலேயே அவிழ்த்துவிட்ட கட்டுமாடுகள் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, காரைக்குடியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் என் தம்பியிடம் இது என்ன மாடு என்று கேட்டார். இவன் 'ஆக்ஸ்' என்றான். அவர் குழம்பிப்போய், காயடித்த மாட்டையா இவ்வளவு பேர் துரத்துகிறீர்கள் என்று கேட்க, அதை நான் தமிழில் சொன்னதும் பக்கத்தில் நின்ற புலிக்குளம் இனக் காளைக்காரர் முகம் சுருங்கிவிட்டது. பிள்ளை மாதிரி வளர்த்தவர், சுருங்காதா? அங்கேயே திருத்திச் சொன்னேன்.

ஆனால் எருது என்ற சொல்லையும் ஒரேயடியாகத் தள்ள முடியாது, நம் பக்கத்திலேயே எருதுகட்டு என்று விளையாட்டு இருக்கிறது, அதில் வருவது காளைதான். அதனால் மொழிபெயர்க்கும்போது சொல்லைப் பார்க்காமல் மாட்டைப் பாருங்கள்.

அப்புறம், புல் மாட்டோடு நிற்பதில்லை. யானை, திமிங்கிலம், சீல், முதலை எல்லாவற்றிலும் ஆணுக்கு அந்தப் பெயர் உண்டு. பெண் யானையும் பெண் திமிங்கிலமும் 'கௌ', குட்டி 'காஃப்'. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, தமிழிலும் இதே பழக்கம் இருப்பதுதான். தொல்காப்பிய மரபியல் ஏறு என்ற பெயரைப் பசுவினத்து ஆணுக்கு மட்டும் வைக்கவில்லை, ஆண் பன்றிக்கும் எருமைக்கும் ஏன் கடலில் வாழும் சுறாவுக்கும்கூடக் கொடுக்கிறது! ஆண் யானைக்குக் களிறு என்று அழகான சொல் இருக்கிறது, அதை விட்டுவிட்டுக் 'காளை யானை' என்று எழுதாதீர்கள், நான் ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்து வருத்தப்பட்டேன்.

பங்குச்சந்தையில் விலை ஏறும் என்று நம்பி வாங்குகிறவர் புல், இறங்கும் என்று நினைப்பவர் கரடி. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லண்டனில் இருந்த வழக்கு இது. நம் பத்திரிகைகள் இங்கே காளை என்றே எழுதுகின்றன, சரிதான். அதே காலத்தில், 1712-ல், ஜான் ஆர்பத்நாட் என்பவர் இங்கிலாந்தையே ஒரு ஆளாக்கி ஜான் புல் என்று பெயர் வைத்தார்.

ஒன்றில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். போப்பாண்டவர் விடுக்கும் ஆணைக்கும் புல் என்றுதான் பெயர், அதற்கும் மாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஆணையில் தொங்கவிடும் முத்திரைக்கு லத்தீனில் புல்லா என்று பெயர், அதிலிருந்து வந்தது.