குட்டியின் அலறலுக்கு ஓடி வருவது யார்?

கேள்வி: அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் குட்டி அலறுவதுபோல ஊதல் ஊதுவார்களாமே? அலறல் கேட்டால் மான் ஓடிவிடாதா?

பதில்: எச்சரிக்கைக் குரல் வேறு, அபயக் குரல் வேறு. ஒரு மான் மூக்கால் ‘புஸ்’ என்று சீறினால் கூட்டமே சிதறும். குட்டி பிடிபட்டு அலறினாலோ தாய் சத்தம் வந்த திசைக்கே ஓடி வரும். குட்டியைப் பிடிக்கும் கொயோட்டியை (நரி போன்ற வட அமெரிக்கக் காட்டு விலங்கு) முன்னங்காலால் உதைத்து விரட்டவும் பார்க்கும். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வாழும், பெரிய காதுள்ள மியூல் மான் இதில் ஒரு படி மேலே. தன் குட்டி பக்கத்திலேயே நின்றாலும் அடுத்த குட்டியின் அலறலுக்கு ஓடும். 2014இல் வெளிவந்த கனடா ஆய்வு ஒன்றில் சீல், பூனை, மனிதக் குழந்தை ஆகியவற்றின் அழுகையைக்கூட ஒலிபரப்பிப் பார்த்தார்கள். சுருதி மான்குட்டியின் வரம்புக்குள் இருந்தால் அதற்கும் தாய் மான்கள் வந்தன. ஆக, ஊதுகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது சுருதியைத்தான்.

கேள்வி: ஊதல் வாங்கிவிட்டேன், ஒரு மானும் எட்டிப் பார்க்கவில்லை. எங்கே தப்பு?

பதில்: பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலில் ரப்பர் வளையம். ஊதலுக்குள்ளே ரீட் என்ற மெல்லிய தகடு அதிர்ந்துதான் சத்தம் வருகிறது. அந்த ரீட்டின் நுனிப் பக்கம் வளையத்தை நகர்த்தினால் அதிரும் நீளம் குறைந்து குட்டிக் குரல் வரும். அடிப் பக்கம் தள்ளினால் ஆண்மானின் உறுமல்தான் கிடைக்கும். வட அமெரிக்காவில் குட்டிகள் பெரும்பாலும் மே, ஜூனில் பிறக்கின்றன. வேட்டைக் காலத்துக்குள் அவை வளர்ந்துவிடும், ஆகவே பிறந்த குட்டியின் கீச்சுக் குரல் வேண்டாம், ஒரு மயிரிழை தடித்த குரல் போதும்.

அடுத்தது ஓயாமல் ஊதுவது. ஒவ்வொரு கத்தலும் ஒன்றிரண்டு விநாடி. குரல் ஏறி, கடைசியில் உடைந்து இறங்க வேண்டும். குழாயின் வாயை உள்ளங்கையால் பொத்திப் பொத்தித் திறந்தால் அந்த நடுக்கம் தானாக வரும். ஐந்தாறு கத்தல், மொத்தம் அரை நிமிடம். அப்புறம் பத்துப் பதினைந்து நிமிடம் சிலைபோல உட்கார வேண்டும். முதல் சுற்றை அடக்கியே ஊதுங்கள், பக்கத்துப் புதரில் படுத்திருக்கும் மான் உரத்த சத்தத்தில் மிரண்டு ஓடிவிடும்.

மூன்றாவது காற்று, நல்ல ஊதலையும் வீணாக்குவது இதுதான். வரும் மான் நேரே வராது, சுற்றிக்கொண்டு காற்று வீசிப்போகும் பக்கத்துக்குப் போய் மோப்பம் பிடிக்கும். அந்தப் பக்கம் புதர் அடர்ந்திருந்தால் மான் வந்ததும் போனதும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்தத் திசை திறந்தவெளியாகத் தெரியும்படி இடம் பிடியுங்கள்.

கடுங்குளிரில் எச்சில் உறைந்து ரீட் ஒட்டிக்கொள்ளும். ஊதலைச் சட்டைக்குள் வைத்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கொம்புள்ள ஆண் வருமா?

பதில்: குட்டிக்காக வராது, பெண்ணுக்காக வரும். இணைசேரும் பருவத்தில் அலறலுக்கு ஓடி வரும் பெண்மானின் பின்னாலேயே ஆணும் வரும். ஐரோப்பாவில் ரோ மான் என்ற சிறிய வகை மானைத் தேடும் வேட்டைக்காரர்கள் ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை இந்த உத்தியைத்தான் நம்புகிறார்கள். இங்கிலாந்தில் அப்போது சுட அனுமதி ஆணுக்கு மட்டும் (ஏப்ரல் 1 – அக்டோபர் 31). எனவே முதலில் தலை காட்டுவதைச் சுட்டால் சட்டமும் மீறப்படும், பின்னால் வரும் ஆணும் போய்விடும்.

கேள்வி: ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. அலறல் கேட்டு மான் மட்டும் வருவதில்லை. அலாஸ்காவில் பழுப்புக் கரடி வரும். அங்கே துணையோடு போய் ஆளுக்கொரு பக்கம் பார்த்து உட்காருவது நல்லது. பொதுக் காடுகளில் இன்னொரு வேட்டைக்காரரே உங்களை மான் என்று நினைத்து நெருங்கலாம். பருத்த மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள், பளீர் ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றாதீர்கள். பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் போட்டு மானை அழைப்பதற்கு அமெரிக்காவின் பல மாநிலங்களில் தடை இருக்கிறது. கருவி வாங்குமுன் அந்த மாநில விதியைப் படித்துவிடுங்கள்.