பயன்படுத்திய பிளாஸ்டிங் மணலை என்ன செய்வது?

பழைய இரும்புப் பாலத்தின் பெயின்டை அகற்ற அழுத்தக் காற்றோடு பீய்ச்சிய தாமிரக் கசடு மணலை, அதாவது தாமிரத்தை உருக்கும்போது மிஞ்சும் கசடின் மணிகளை, கான்கிரீட்டில் கலக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிய தாமிரக் கசடை நுண்சல்லியாக, அதாவது கான்கிரீட் மணலின் ஒரு பகுதியாக, சேர்க்க ஐ.எஸ். 383:2016 என்னும் இந்தியத் தரநிலை இடமளிக்கிறது, ஆனால் உங்களிடம் இருப்பது வெறும் கசடு அன்று. அதை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள்: கருமணிகளுக்கிடையே செம்மஞ்சள் துணுக்குகள் தென்பட்டால், அது பெரும்பாலும் ஈயச் செந்தூரப் பூச்சின் (துருவைத் தடுக்க அடிக்கப்பட்ட, ஈயம் கலந்த அடிப்பூச்சின்) மிச்சம்.

ஆகவே முதலில் ஆய்வகத்தில் கசிவுச் சோதனை, அதாவது மணலிலிருந்து எவ்வளவு ஈயம் திரவத்தில் கரைந்து வெளியேறுகிறது என்ற சோதனை, செய்யுங்கள். கசியும் ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராமை எட்டினால், 2016ஆம் ஆண்டின் இந்திய அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு, அதை 90 நாட்களுக்குள் கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அங்கீகரிக்கப்பட்ட அபாயக் கழிவு அகற்றும் நிலையத்துக்கு அனுப்பியாக வேண்டும். அதுவரை மழை படாமல், மூடிய பீப்பாய்களில் வையுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவே வேண்டாம், ஏனெனில் அந்தத் தூசு தொழிலாளர்களின் உடைகளோடு அவர்களுடைய குழந்தைகள் வரை போய்ச் சேரும். இனிவரும் வேலைகளுக்கு, சலித்துத் தூசு நீக்கி மீண்டும் பயன்படுத்தத்தக்க கார்னெட் என்னும் கனிம மணலையே நான் பரிந்துரைப்பேன்.