கூறைப்புடவையின் மடிப்புகள் – கடிதம்

ஐயா, வணக்கம்.

தங்கையின் கல்யாணப் படங்களை லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் நானே திருத்திக்கொண்டிருக்கிறேன். மண்டபத்தில் எடுத்தவை வெளிறித் தெரிந்ததால் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) +45 வரை ஏற்றினேன். கூறைப்புடவை பளிச்சென்று வந்துவிட்டது. ஆனால் அதன் மடிப்புகளைக் காணோம், ஒரே சிவப்புப் பட்டையாக இருக்கிறது. முகங்களோ மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்தவை போலத் தெரிகின்றன. பக்கத்திலேயே வைப்ரன்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதைத்தான் தொட்டிருக்க வேண்டுமா? போனில் நன்றாக இருக்கும் படம் பிரிண்ட் போட்டால் மங்குவது ஏன்? அம்மாவுக்கு வேறு அந்தப் பளிச் படங்கள்தான் பிடித்திருக்கின்றன.

மா., மன்னார்குடி

அன்புள்ள மா.,

மடிப்புகள் எங்கே போயின என்று முதலில் பார்ப்போம். மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கும்.

ஜேபெக் படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகலாம், அதற்கு மேல் இடமில்லை. புடவையில் வெளிச்சம் விழும் மேட்டில் சிவப்பு 245 என்றும், மடிப்பின் சரிவில் 215 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த 30 எண் வித்தியாசத்தில்தான் மடிப்பு தெரிகிறது. சாச்சுரேஷனை ஏற்றினால், ஒவ்வொரு எண்ணும் அதே வெளிச்சமுள்ள சாம்பல் நிறத்திலிருந்து இன்னும் விலகிப் போகும். ஒன்றரை மடங்கு விலக்கினால் மேடும் 255-ஐத் தாண்டுகிறது, சரிவும் தாண்டுகிறது. இரண்டையும் மென்பொருள் 255-இல் நிறுத்திவிடும். அப்புறம் மேடு எது, சரிவு எது? மென்பொருளுக்கு மென்பொருள் கணக்கு கொஞ்சம் மாறும், ஆனால் முட்டிக்கொள்ளும் சுவர் இதுதான்.

இதைக் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. லைட்ரூமின் ஹிஸ்டோகிராமில், அதாவது படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில், வலது மேல் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கிறது. சிவப்பு மட்டும் முட்டினால் அந்த முக்கோணமும் சிவப்பாக மாறும். உங்கள் படத்தில் அது நிச்சயம் மாறியிருக்கும். பட்டுப்புடவை, செவ்வந்தி மாலை, குங்குமம் என்று நம் கல்யாணங்களில் சிவப்பு, மஞ்சள் எல்லாம் ஏற்கெனவே உச்சியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மேலே தள்ள அங்கே இடமே கிடையாது.

முகத்திலும் நடந்தது இதே கணக்குதான். நம்மவர் தோல் நிறம் ஒன்றை சிவப்பு 190, பச்சை 135, நீலம் 100 என்று எடுத்துக்கொள்வோம். அதே ஒன்றரை மடங்கில் இது ஏறக்குறைய 213, 130, 78 ஆகிவிடும். சிவப்பு ஏற, நீலம் இறங்க, முகம் ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறது. தோல் நிறம் எத்தனை வகையாக இருந்தாலும் மென்பொருளின் கண்ணுக்கு அநேகமாக எல்லாமே ஆரஞ்சுதான். மாநிறத் தோலும் சிவந்த தோலும் வெளிச்சத்தில்தான் வேறுபடுகின்றன, நிற வட்டத்தில் அவை பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் சாச்சுரேஷனைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மண்டபப் படம் வெளிறித் தெரிவதற்கு நிறம் குறைந்திருப்பது காரணமாக இருப்பது அபூர்வம். வீடியோ லைட், சீலிங் எல்இடி, வாசல் பக்கத்து வெயில் என்று மூன்று வகை வெளிச்சம் ஒன்றாக விழுந்து படத்தின் மேல் ஒரு மெல்லிய சாயம் பூசியிருக்கும். எது வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் சொட்டானை எடுத்து யாருடைய வெள்ளை வேட்டியிலாவது நிழல் விழும் பகுதியில் வையுங்கள். பட்டு வேட்டி வேண்டாம். அது சந்தன நிறம், அதை வெள்ளை என்று நம்பவைத்தால் மென்பொருள் படம் முழுவதையும் நீலமாக்கும். நீலம் போட்டு வெளுத்த வேட்டியில் வைத்தால் நேர்மாறாகச் சற்று மஞ்சளாகும், அதைக் கையால் சரிசெய்துகொள்ளலாம். பிறகு எக்ஸ்போஷர் (படத்தின் மொத்த வெளிச்சம்), கான்ட்ராஸ்ட் (இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள வித்தியாசம்) இரண்டையும் சரிசெய்யுங்கள். கான்ட்ராஸ்டை ஏற்றினாலே நிறமும் கூடவே ஏறும் என்பதால் பெரும்பாலான படங்களில் வேலை இங்கேயே பாதி முடிந்துவிடும்.

மீதிப் பாதியில் நான் சொல்வது உங்களுக்கு விநோதமாகப் படலாம். கூறைப்புடவை எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் அதன் சிவப்பைத் தொடாதீர்கள், அதோடு போட்டி போடுகிறவற்றைக் குறையுங்கள். மண்டபத்தில் என்னென்ன இருக்கும்? நீல பிளாஸ்டிக் நாற்காலிகள், பச்சைத் திரை, மேடைக்குப் பின்னால் ஊதா விளக்கு. யாரும் இவற்றைப் படமெடுக்கப் போகவில்லை, ஆனால் சாச்சுரேஷனை ஏற்றும்போது இவையும் சேர்ந்து ஏறுகின்றன. மணப்பெண்ணைப் பார்க்க வேண்டிய கண் நாற்காலிக்குப் போய்விடுகிறது. லைட்ரூமின் கலர் மிக்சரில் எட்டு நிறங்களுக்குத் தனித்தனிக் கட்டுப்பாடு உண்டு. நீலம், ஆக்வா (நீலப்பச்சை), ஊதா மூன்றின் சாச்சுரேஷனையும் -30 அளவுக்கு இறக்கிப் பாருங்கள். ஒரு எண் கூட ஏற்றாமலே சிவப்பு முன்னால் வந்து நிற்கும். பச்சையில் மட்டும் நிதானம் தேவை, வாழைமரமும் மாவிலைத் தோரணமும் அதில்தான் இருக்கின்றன.

சிவப்புக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால், அதன் சாச்சுரேஷனை விட்டுவிட்டு லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்சத்தை) -10 குறையுங்கள். வெளிச்சம் குறைந்த சிவப்பு அரக்காக ஆழ்ந்து தெரியும், முட்டி நின்ற எண்களும் கீழே இறங்க, போன மடிப்புகள் திரும்ப ஆரம்பிக்கும். ரா கோப்பு (கேமரா பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் வைத்திருக்கும் கோப்பு) இருந்தால் நன்றாகவே திரும்பும். கேமராவே ஜேபெக்கில் சிவப்பை முட்டவைத்திருந்தால் திரும்புவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. உதடு, மருதாணி, கன்னம் எல்லாமே சிவப்பில் பங்கு கேட்கும் என்பதால் புடவைக்கு மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துச் செய்வது உத்தமம்.

வைப்ரன்ஸ் பற்றி. அது மங்கிய நிறங்களை அதிகமாகவும் ஏற்கெனவே அடர்ந்தவற்றைக் குறைவாகவும் ஏற்றும், தோல் நிறங்களைக் கொஞ்சம் விட்டுவைக்கும். சாச்சுரேஷனைவிடப் பாதுகாப்பானது, +10, +15 வரை தாராளமாகப் போகலாம். ஆனால் மண்டபத்தில் மங்கிய நிறம் எது? சுவரும் வேட்டியும்தான். அளவு மீறினால் அவற்றுக்கும் நிறம் வந்துவிடும்.

பிலிம் காலத்தில் இந்தத் தலைவலியைக் கடையிலேயே தீர்த்துக்கொண்டார்கள். 1990-இல் ஃபூஜி கொண்டுவந்த வெல்வியா ஸ்லைடு பிலிம் மலையையும் வானத்தையும் தீட்டிக்கொடுக்கும், முகங்களைச் சிவக்கவைத்துவிடும். கோடக் 1998-இல் போர்ட்ராவை வெளியிட்டபோது இயல்பான நிறத்துக்கு என்.சி., அடர் நிறத்துக்கு வி.சி. என்று இரண்டு வகையாகவே விற்றது. ரோலை மாட்டிய பிறகு மனம் மாற முடியாது. எனக்கு அந்தக் கட்டாயம் பிடிக்கும், ஆனால் உங்களுக்கு அது உதவாது.

பிரிண்டுக்கு வருகிறேன். போன் திரை தானே ஒளிவிடுகிறது, பல போன்களில் நிறத்தைக் கூட்டிக்காட்டும் விவிட் அமைப்பு வேறு இருக்கும். காகிதம் அறை வெளிச்சத்தைத் திருப்பித்தான் தருகிறது, திரையின் எல்லா நிறங்களும் அதற்கு எட்டாது. போனில் நேச்சுரல் அமைப்புக்கு மாறுங்கள், திருத்தும் கணினியின் பிரைட்னஸைக் குறையுங்கள், எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் ஏற்றுமதி செய்யுங்கள். ஆல்பம் முழுவதையும் கொடுக்குமுன் புடவை, முகம், வேட்டி மூன்றும் இருக்கும் ஒரே ஒரு படத்தை அதே லேபில் அதே காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அம்மாவுடன் வாதாட வேண்டாம். லைட்ரூமில் விர்ச்சுவல் காப்பி (அதே படத்துக்கு இன்னொரு திருத்தப் பதிப்பு) எடுத்தால் வட்டில் இரண்டாவது கோப்பு உருவாகாது, முதல் திருத்தமும் அப்படியே இருக்கும். அதில் முகங்களை மாஸ்க் போட்டு விலக்கிவிட்டு மற்ற இடங்களில் சாச்சுரேஷனை +15 ஏற்றி அவருடைய போனுக்கு அனுப்புங்கள். ஆல்பத்துக்குப் போகும் கோப்புறையில் மட்டும் அது கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.