ஸ்பைடர்மேனுக்கு வலைக்கோடு, சூப்பர்மேனுக்குக் கண்: சிலை வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: 1:4 அளவு (நிஜ உருவத்தில் கால் பங்கு உயரம்) ஸ்பைடர்மேன் சிலைக்கு முன்பதிவு நடக்கிறது. படத்தில் அசத்தலாக இருக்கிறது. கைக்கு வரும்போதும் அப்படியே இருக்குமா?

பதில்: இருக்காது என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள். விளம்பரப் படத்தில் நிற்பது மாதிரிச் சிலை. தேர்ந்த கலைஞர் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து வண்ணம் தீட்டியது. விளக்கொளியும் அதற்கென்றே அமைத்தது. உங்களுக்கு வருவதோ, அதைப் பார்த்துத் தொழிற்சாலையில் பலர் தீட்டிய நூற்றுக்கணக்கான பிரதிகளில் ஒன்று. ‘இறுதித் தயாரிப்பில் மாற்றம் இருக்கலாம்’ என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். பிறகு புகார் செய்யப் போனால் அந்த வரியைத்தான் காட்டுவார்கள்.

முகமூடி போட்ட ஆளைத் தேர்ந்தெடுத்ததால் நீங்கள் பாதி தப்பித்தீர்கள். இந்தச் சிலைகளில் அதிகம் சொதப்புவது முகம்தான். சூப்பர்மேன், வொண்டர் வுமன் போல முகம் தெரியும் பாத்திரங்களில் கருவிழி அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் பார்வை மாறுகண்ணாகிவிடும். உதட்டு நிறம் கொஞ்சம் கூடினால் வீரர் நாடக மேடைக்குக் கிளம்பியவர் மாதிரி ஆகிவிடுவார். அப்படிப்பட்ட சிலைகளை முன்பதிவு செய்யாமல், முதல் தொகுதி வாங்கியவர்கள் பெட்டி பிரித்துக் காட்டும் காணொளிகள் வரும்வரை காத்திருப்பதுதான் என் கட்சி. அந்தக் காணொளிகளிலும் அலங்கார விளக்கு போட்டு எடுத்ததை விட்டுவிட்டு, சாதாரண அறை வெளிச்சத்தில் எடுத்ததைப் பாருங்கள்.

ஸ்பைடர்மேனுக்குத் தேர்வு வேறு இடத்தில்: வலைக்கோடு. நல்ல வேலையில் கோடுகள் செதுக்கிய பள்ளமாக இருக்கும், கறுப்பு வண்ணம் அந்தப் பள்ளத்துக்குள் மட்டும் நிற்கும். சுமாரான வேலையில் வழவழப்பான உடம்பின் மேல் கோடு வரைந்திருப்பார்கள். தோள், இடுப்பு, மணிக்கட்டு என்று துண்டுகள் சேரும் இடங்களில் ஒரு பக்கத்துக் கோடு மறுபக்கத்துக் கோட்டோடு சரியாகச் சந்திக்கிறதா என்று பாருங்கள். சிவப்பும் நீலமும் சேரும் விளிம்பில் ஒன்று மற்றொன்றின் மேல் வழிந்திருக்கக் கூடாது. பேட்மேன் என்றால் கறுப்பைப் பார்க்க வேண்டும். உடை, முகமூடி, அங்கி எல்லாம் ஒரே கறுப்பாக இருந்தால் வண்ணம் தீட்டியவர் சோம்பல்பட்டார் என்று அர்த்தம். தோலாடைக்கு ஒரு மினுமினுப்பு, துணிக்கு ஒரு மங்கல் என்று பிரித்துக் காட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று, உயரம். ஆறடி வீரர் 1:4 அளவில் ஏறத்தாழ 46 செ.மீ., 1:6-இல் 30 செ.மீ., 1:10-இல் 18 செ.மீ. விளம்பரத்தில் ‘70 செ.மீ.’ என்று இருந்தால் மிச்சமெல்லாம் பீடமும் பறக்கும் அங்கியும்தான். தப்பில்லை, ஆனால் வைக்க அலமாரியில் இடமிருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பாலிஸ்டோன் என்றால் கல்லா? அதே பாத்திரம் பி.வி.சி.யில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

பதில்: கல் இல்லை. ரெசின் என்ற செயற்கைப் பிசினோடு கல்தூள் கலந்து அச்சில் வார்ப்பது. தொட்டால் குளிர்ச்சி, தூக்கினால் கனம், நுணுக்கம் கூர்மையாக விழும். ஆனால் கீழே விழுந்தால் உடையும். விரல் நுனி, அங்கியின் முனை, ஒற்றைக் காலில் நிற்கும் சிலையின் கணுக்கால் ஆகிய மூன்றும்தான் முதலில் போகும். கணுக்காலுக்குள் உலோகக் கம்பி இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

பி.வி.சி. லேசானது, சட்டென்று உடையாது. அதன் எதிரி வெப்பம். ஒற்றைக் காலில் நிற்கும் உருவம் வெயில் படும் இடத்தில் சில வருடம் இருந்தால் மெல்லச் சாய ஆரம்பிக்கும். பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்த்த வேதிப்பொருள் வெளியே கசிந்து மேற்பரப்பு பிசுபிசுப்பதும் உண்டு. ஜப்பானின் கோட்டோபுகியா போன்ற நிறுவனங்கள் பி.வி.சி.யிலேயே அருமையாகச் செய்கின்றன, அதனால் பொருளை வைத்து மட்டும் மட்டமென்று ஒதுக்காதீர்கள். குழந்தைகள் ஓடியாடும் வீடு என்றால் நான் பி.வி.சி. பக்கம்.

கேள்வி: 500 சிலைகள் மட்டும் செய்து வரிசை எண் இட்ட பதிப்பில் இது 7-ஆம் எண் என்று சொல்லி விற்பவர் கூடுதல் விலை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். சிறிய எண் என்றால் முதலில் வார்த்தது, அதனால் கூர்மையானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் அச்சு தேய்ந்தால் தொழிற்சாலை புது அச்சு போட்டுவிடும், வார்த்த வரிசையிலேயே எண் ஒட்டுவார்கள் என்பதற்கும் உத்தரவாதமில்லை. 7-ஐவிட 431-க்கு முகம் நன்றாக அமைந்திருந்தால் 431-ஐ எடுங்கள். மொத்த எண்ணிக்கை கொஞ்சம் பொருட்படுத்தத் தக்கது. அதைவிட, மாற்றுத் தலையோ கூடுதல் கையோ சேர்த்து நிறுவனம் நேரடியாக மட்டும் விற்ற பதிப்பா என்பது மறுவிற்பனையில் கவனிக்கப்படும் விஷயம்.

கேள்வி: பழைய சிலை, பெட்டி இல்லை, விலை குறைவு. போலியாக இருக்குமோ?

பதில்: போலியா என்பது ஒரு சந்தேகம், ஒட்டவைத்ததா என்பது இன்னொன்று. போலியை அசல் சிலையிலிருந்தே அச்செடுத்து வார்க்கிறார்கள். பிசின் இறுகும்போது சற்றுச் சுருங்குவதால் அசலைவிட நூலளவு சிறியதாகவும், மடிப்புகளும் முடியிழைகளும் மழுங்கியும் இருக்கும். ஊசிமுனைக் குமிழிகள் தெரியும். பீடத்தின் அடியில் நிறுவன முத்திரையும், பாத்திரத்தின் உரிமை யாருடையது என்று சொல்லும் வாசகமும், எண்ணிட்ட பதிப்பென்றால் எண்ணும் இருக்க வேண்டும். அசலின் எடை தெரிந்தால், தராசில் வைத்து எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள்.

ஒட்டவைத்ததைக் கண்டுபிடிக்க மணிக்கட்டு, கணுக்கால், கழுத்து, அங்கியின் முனை ஆகியவற்றைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் வேண்டும். பசை பளபளக்கும், மேல்பூச்சு நிறம் மாறியிருக்கும். நேரில் பார்ப்பதாக இருந்தால் புற ஊதா டார்ச் ஒன்று எடுத்துப் போங்கள், பல பசைகள் அந்த ஒளியில் தனியாகத் தெரியும். படங்களில் ஒன்றிலாவது அன்றைய தேதி எழுதிய தாள் இருக்கட்டும்.

பெட்டி இல்லாததை அலட்சியப்படுத்தாதீர்கள். சிலையின் வடிவத்துக்கே வெட்டிய நுரைத் தட்டு அதற்குள்தான் இருந்தது. பெட்டியில்லாச் சிலையை நேரில் போய் எடுத்துவர முடிந்தால் வாங்கலாம், கூரியரில் வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டுக் கடையில் நல்ல தள்ளுபடி. வாங்கலாமா?

பதில்: பெட்டியின் அளவைக் கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். கூரியர் நிறுவனங்கள் நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் போடும். நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது பொதுவான கணக்கு. 60 × 50 × 50 பெட்டி என்றால் 30 கிலோ, உள்ளே 12 கிலோ சிலைதான் இருந்தாலும்! அதற்கு மேல் சுங்கவரி. உடைந்து வந்தால் திருப்பி அனுப்பும் செலவு யார் தலையில் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பல நிறுவனங்கள் முழுச் சிலையை மாற்றித் தராமல், உடைந்த துண்டுக்கு மாற்றுத் துண்டை மட்டும் அனுப்பிவைக்கும்.

கேள்வி: சில வருடம் வைத்திருந்து விற்றால் லாபம் கிடைக்குமா?

பதில்: சிலருக்குக் கிடைத்திருக்கிறது. அதே பாத்திரத்தை இன்னும் பெரிதாக, இன்னும் நன்றாக அடுத்த நிறுவனம் வெளியிட்டதும் விலை இறங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள். மறுவிற்பனைத் தளங்களில் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காமல், உண்மையில் விற்றுமுடிந்த விலைகளை மட்டும் பாருங்கள். அதிலிருந்து தளத்தின் தரகையும், சிலையைப் பொதிந்து அனுப்பும் செலவையும் கழித்துக்கொள்ளுங்கள்.