மடிக்கணினியின் வைஃபை மேக் முகவரியைக் கண்டறிவது எப்படி?

ரவுட்டரில் பதிவு செய்வதற்காக உங்கள் மடிக்கணினியின் வைஃபை மேக் முகவரியை, அதாவது வைஃபை அட்டைக்கு உரிய அடையாள எண்ணைக் கேட்டிருக்கிறீர்கள். அதைத் திரையில் வரவழைப்பது எளிது. வந்து நிற்கும் மூன்று நான்கு முகவரிகளில் வைஃபைக்கு உரியது எது என்று தேர்வதில்தான் பலரும் தவறுகிறார்கள். நானும் ஒருமுறை பட்டியலின் முதல் முகவரியைக் குறித்துக் கொடுத்துவிட்டு, இணைப்புக் கிடைக்காமல் அரைநாள் திண்டாடிய பின்னரே, அது கம்பிவழி ஈதர்நெட்டுக்கு உரியது என்பதைக் கவனித்தேன்.

விண்டோஸில், கட்டளைகளைத் தட்டச்சு செய்வதற்கான சாளரமாகிய கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளையையும், ஓர் இடைவெளி விட்டு, சாய்கோட்டுடன் 'ஆல்' என்ற சொல்லையும் உள்ளிடுங்கள். 'ஒயர்லெஸ் லேன் அடாப்டர் வைஃபை' என்ற தலைப்பின் கீழ், 'ஃபிசிக்கல் அட்ரஸ்' என்ற வரியில், இரண்டிரண்டாகப் பிரிந்த 12 இலக்கங்கள் (0 முதல் 9 வரையிலான எண்களும் ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்துகளும் கலந்தவை) இருக்கும். நீங்கள் தேடுவது அதுவே. புளூடூத்துக்கும், 'வைஃபை டைரக்ட் விர்ச்சுவல் அடாப்டர்' என்பதற்கும் உரிய முகவரிகள் அருகிலேயே இருக்கும், அவற்றை எடுத்துவிடாதீர்கள். வைஃபை எதனுடனும் இணையாத நிலையிலும் முகவரி தெரியும். ஆனால் அடாப்டரையே, அதாவது வைஃபை அட்டையையே முடக்கி வைத்திருந்தால் தெரியாது.

லினக்ஸில் 'ஐபி லிங்க்' என்ற கட்டளை போதும். வைஃபை இடைமுகத்தின் பெயர் பெரும்பாலும் 'டபிள்யூஎல்' என்று தொடங்கும். ஆப்பிளின் மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி மேற்பட்டையிலுள்ள வைஃபை குறியைச் சொடுக்கினால் முகவரி தெரியும்.

இனி, நான் முக்கியமாகக் கருதுவது. 48 பிட் நீளமுள்ள இந்த முகவரியின் முற்பகுதி, பொதுவாக 24 பிட், தயாரிப்பாளருக்கு ஐட்ரிபிள்ஈ என்ற பன்னாட்டுத் தொழில்நுட்பத் தர அமைப்பு ஒதுக்கித் தருவது. எஞ்சியதை அட்டைதோறும் மாற்றி அமைப்பவர் தயாரிப்பாளர். ஆனால் இன்றைய இயங்குதளங்கள், பயனரைப் பின்தொடர முடியாதபடி, தற்போக்கான முகவரி ஒன்றை உருவாக்கி அதையே ரவுட்டருக்குக் காட்டக்கூடும். முகவரியின் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால், அது தொழிற்சாலையில் பதிக்கப்பட்டதன்று, மென்பொருள் இட்டது என்று கொள்ளலாம். அத்தகைய முகவரியைப் பதிவு செய்தால், அது மாறிய அன்று இணைப்பும் போய்விடும். ஆகவே, விண்டோஸின் வைஃபை அமைப்புகளில் 'ராண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்' என்ற தெரிவை அணைத்துவிட்டு, மீண்டும் இணைந்து, அதே கட்டளையை இன்னொரு முறை இயக்கிப் பாருங்கள்.

முகவரியைக் கையால் எழுதாமல் நகலெடுத்து ஒட்டுவதே நல்லது. விண்டோஸ் சிறுகோட்டால் பிரித்துக் காட்டுவதைச் சில ரவுட்டர்கள் முக்காற்புள்ளியோடுதான் ஏற்கும்.