வாசகர் கேள்வி பதில்: சர்க்யூட் சிட்டியை மூடவைத்தது யார்?

கேள்வி: அமேசான் வந்ததால்தான் அமெரிக்காவின் சர்க்யூட் சிட்டி எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் காணாமல் போயின என்று எங்கள் எம்.பி.ஏ. வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவ்வளவுதானா?
(கோவை வாசகர்)

பதில்: அமேசானும் 2008 பொருளாதாரச் சரிவும் இதன் போட்டிக் கடையான பெஸ்ட் பைக்கும் சேர்த்துத்தானே வந்தன? அது இன்றும் கடை நடத்துகிறதே! சர்க்யூட் சிட்டிக்கு வந்த வினையில் பெரும்பங்கு ரிச்மண்டில் இருந்த அதன் தலைமை அலுவலகத்திலேயே தயாரானது.

சாமுவேல் வுர்ட்ஸெல் என்பவர் 1949-ல் வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் ஒரு டிவி கடையாக ஆரம்பித்தது அது. டிவி என்றால் என்ன என்றே பலருக்குத் தெரியாத காலம், அதனால் விற்பவன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்து விற்றாக வேண்டும். கடைசிவரை அந்தக் கடைகளின் பலம் இதுதான். நீங்களே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்ளும் கடையாக அது வெகுகாலம் இல்லை, சேல்ஸ்மேன் நாலு டிவியைப் போட்டுக் காட்டுவார், பில் போடுவார், நீங்கள் தனியாக ஒரு கவுண்டரில் போய்ப் பெட்டியை வாங்கிக்கொள்வீர்கள். அவருக்குக் கமிஷன் உண்டு. அந்தக் கமிஷனுக்காகவே கூடுதல் வாரண்டி எடுங்கள் எடுங்கள் என்று உயிரை வாங்குவார் என்பதும் உண்மை. ஆனால் லாபம் அங்கேதான் இருந்தது, டிவியில் கிடைப்பது சொற்பம்.

பெஸ்ட் பை 1989-லேயே கமிஷனை விட்டுவிட்டு, பெரிய இடம், நிறைய சரக்கு, தொல்லை இல்லை என்று மாறியது. சர்க்யூட் சிட்டி 2003-ல்தான் கமிஷனைக் கைவிட்டு, அந்த வேகத்தில் சுமார் 3,900 விற்பனையாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. சரி, அதையாவது காலத்தின் கட்டாயம் என்று சொல்லலாம். 2007 மார்ச்சில் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது? தட்டை டிவி விலை சரிந்து லாபம் குறைந்ததும், சம்பளம் அதிகம் வாங்குகிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக சுமார் 3,400 பேரை ஒரே அடியாக நீக்கினார்கள். பத்து வாரம் கழித்துக் குறைந்த சம்பளத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று ஒரு சலுகை வேறு! சம்பளம் அதிகம் என்றால் அனுபவம் அதிகம் என்று அர்த்தம். எல்.சி.டி.க்கும் பிளாஸ்மாவுக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கத் தெரிந்த ஆளை அனுப்பிவிட்டு, விளக்கிச் சொன்னால்தான் விற்கும் சரக்கைக் கடை நிறைய வைத்துக்கொண்டார்கள். அடுத்த காலாண்டிலேயே நஷ்டம்.

கேள்வி: ஆள் குறைத்தது மட்டும்தான் தப்பா?
(மதுரை வாசகி)

பதில்: இல்லை, பட்டியல் நீளம். 1998-ல் டிவ்எக்ஸ் என்று ஒரு சினிமா வட்டு கொண்டுவந்தார்கள்: வாங்கிப் போட்டால் 48 மணி நேரம் பார்க்கலாம், அதற்கு மேல் பார்க்கத் தனிக்காசு, பிளேயரை டெலிபோன் லைனில் இணைக்க வேண்டும். ஒரு வருஷத்தில் மூடுவிழா. 2000-ல் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்பதை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் அமெரிக்காவில் வீடு கட்டும் காய்ச்சல் வந்தது, வியாபாரம் ஹோம் டிப்போ, லோஸ் என்ற வீட்டுச் சாமான் கடைகளுக்குப் போனது. இவர்களே 1993-ல் தொடங்கிய கார்மேக்ஸ் என்ற பழைய கார் வியாபாரம் 2002-ல் தனியே பிரிந்து போய் நன்றாகப் பிழைத்துக்கொண்டது. கையில் காசு இருந்த வருஷங்களில் கடைகளைப் புதுப்பிக்காமல், ஏறக்குறைய 100 கோடி டாலருக்குச் சொந்தப் பங்குகளையே திரும்ப வாங்கினார்கள். எனக்கு இதில்தான் கோபம் அதிகம்.

கேள்வி: திவால் மனுவில் சொத்து 340 கோடி டாலர், கடன் 232 கோடி டாலர் என்று இருந்ததாமே. சொத்து அதிகம் இருப்பவர் எதற்கு மஞ்சள் கடுதாசி கொடுக்க வேண்டும்?
(சேலத்திலிருந்து ஒரு கடைக்காரர்)

பதில்: நீங்கள் கடைக்காரர், உங்களுக்கே தெரிந்திருக்கும். சொத்து என்பதில் பெரும்பகுதி ரேக்கில் இருக்கும் சரக்கு. கம்பெனிகள் கடனுக்குச் சரக்கு தரும், விற்று அடைப்பீர்கள். கடை ஆட்டம் காண்கிறது என்று தெரிந்ததும் அவர்கள் ‘கையில காசு வாயில தோசை’ என்று மாறினார்கள். வங்கியோ சரக்கின் மதிப்பை வைத்துத்தான் கடன் வரம்பு போட்டிருந்தது, மதிப்பு இறங்க வரம்பும் இறங்கியது. இது நடந்தது 2008 அக்டோபர், நவம்பரில், கிறிஸ்துமஸ் விற்பனைக்குச் சரக்கு குவிக்க வேண்டிய நேரத்தில். நவம்பர் 3-ல் 155 கடைகளை மூடுவதாக அறிவித்தார்கள், 10-ம் தேதி மனு போட்டார்கள். அப்போது ஹெச்.பி.க்கும் சாம்சங்குக்கும் தலா 11 கோடி டாலருக்கு மேல் பாக்கி. அதே வருஷம் ஏப்ரலில் பிளாக்பஸ்டர் என்ற வீடியோ வாடகைக் கடை நிறுவனம் 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்குகிறேன் என்று வந்து ஜூலையில் பின்வாங்கியது (அந்த பிளாக்பஸ்டரே 2010-ல் திவால், அது தனிக்கதை).

கேள்வி: மூடும்போது நல்ல மலிவாக அள்ளியிருக்கலாமே?
(நெல்லை வாசகர்)

பதில்: 2009 ஜனவரி 16-ல் மிச்சமிருந்த 567 கடைகளையும் கலைப்பது என்று முடிவானதும், விற்றுத் தீர்க்கும் பொறுப்பு அதற்கென்றே இருக்கும் கம்பெனிகளுக்குப் போனது. அவர்கள் முதலில் விலையைப் பழைய பட்டியல் விலைக்கு ஏற்றிவிட்டு அதிலிருந்து பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று கழிப்பார்கள். ஆரம்ப வாரங்களில் சில பொருட்கள் வெளிக் கடையைவிட விலை அதிகமாகவே இருந்தன, வாங்கினால் திருப்பித் தரவும் முடியாது. நிஜமாகவே விலை இறங்கியபோது மிஞ்சியது கேபிளும், அலமாரியும், கடை நாற்காலியும். சுமார் 34,000 பேருக்கு வேலை போனது. மார்ச் 8-ல் கடைசிக் கடைகள் மூடின. பெயரையும் இணையதளத்தையும் மே மாதம் சிஸ்டமேக்ஸ் என்ற நிறுவனம் 1.4 கோடி டாலருக்கு வாங்கியது.